அண்ணையின்ரை சோகி

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். என் கையெழுத்து நல்லதில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது, அதற்குப் பிறகு வலைதான். எந்த இடத்தில் ல, எந்த இடத்தில் ள என்று இப்போதும் எனக்குத் தடுமாறும். எழுத்துப் பிழைகளை வாசிக்கிறவர்கள் திருத்தி வாசியுங்கள். நடந்ததில் பிழை விடாமல் எழுதப் பார்க்கிறேன். வாயால் சொல்லக்கூடிய ஆளாக இருந்திருந்தால் இந்தக் கொப்பியை வாங்கியிருக்கவே மாட்டேன்.

குருநகரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு கதவு. முன்கதவு தெருவுக்குப் போகும் ஒழுங்கைப் பக்கம், பின்கதவு கடல் பக்கம். நத்தார் மரம், கிறிஸ்மஸ் மரம் என்றும் சொல்வார்கள், பின்கதவுக்குப் பக்கத்து மூலையில் நிற்கும். மரம் என்று சொன்னாலும் அது ஒரு சவுக்கங் கிளைதான். பழைய பங்களா ஒன்றின் தோட்டக்காரனுக்கு நாலு நண்டு கொடுத்தால் வெட்டித் தருவான். மண்ணெண்ணெய்த் தகரத்தில் கடல் மண் நிரப்பி, அதில் கிளையை நட்டு, சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளிக் கடதாசி, பஞ்சு, நிறக் கடதாசிச் சங்கிலி எல்லாம் போடுவோம்.

அதை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தவர் எங்கள் தகப்பன், அப்பு. இளமையில் அவர் ஒரு வெள்ளைக்காரத் துரை வீட்டுக் குசினியில் சமையல் வேலை செய்தவர். அங்கே பிள்ளைகள் ஒவ்வொருவரும் தங்கள் தங்கள் பொருளைத் தாங்களே மரத்தில் கட்டுவதைக் கண்டிருக்கிறார். 1956ஆம் ஆண்டு மார்கழியில் முதல் மரம் வைத்தபோது எங்களிடமும் அப்படியே கேட்டார். அவர் கட்டியது சிவப்பு மை பூசிய வலை மிதப்புக் கட்டை. அம்மா வெள்ளிக் கடதாசி சுற்றிய வெறும் நூற்கட்டை கட்டினா. நான் தேயிலைப் பெட்டி ஈயத்தில் வெட்டிய நட்சத்திரம். அண்ணை, தான் நெடுந்தீவுக் கரையில் பொறுக்கிய ஒரு பெரிய சோகியில், சோழி என்றும் சொல்வார்கள், துளை போட்டு, நைலோன் நூல் கோத்துக் கட்டினார். ஒருவருடைய பொருளை இன்னொருவர் தொடக்கூடாது. 

அடுத்த வருசம் அப்பு மன்னார்ப் பக்கம் தொழிலுக்குப் போய் காற்றில் அகப்பட்டுவிட்டார். நத்தார் போயிற்று. தை, அதாவது ஜனவரி, ஆறாம் திகதி மூவிராசாக்கள் திருநாளும் போயிற்று. அன்றைக்கு எல்லா வீட்டிலும் பாலன் குடிலைக் கலைத்து மரத்தை வெளியே போட்டுவிடுவார்கள். அம்மா போடவில்லை. "அந்தாள் இன்னும் கட்டேல்லை" என்று சொல்லிவிட்டா. தை மாதம் பாதி கழிந்து அப்பு பின்கதவால் வந்தார். காலைக்கூடக் கழுவாமல் மிதப்புக் கட்டையை எடுத்து மரத்தில் கட்டிவிட்டு, "இனி இறக்கலாம்" என்றார். அன்றிலிருந்து அது எங்கள் வீட்டுச் சட்டம். எல்லாரும் கட்டி முடியாமல் மரம் இறங்காது.

1958இல் அப்பு நெஞ்சுச் சளியில் செத்தார். பெட்டியை மூடுவதற்கு முன் அம்மா அந்த மிதப்புக் கட்டையை அவருடைய கைப்பக்கத்தில் வைத்தா. "செத்தவையின்ரை சாமான் செத்தவையோடை" என்று மட்டும் சொன்னா.

அண்ணை கருவாடு விற்க வெங்காயத் தோட்ட ஊரான அச்சுவேலியின் சந்தைக்குச் சைக்கிளில் போய்வருவார். அங்கேதான் பெண் பார்த்தார். "கருவாட்டோடை போனவன் பொம்பிளையோடை வந்திட்டான்" என்று ஒழுங்கையில் பகிடி பண்ணினார்கள். அண்ணையின் பெண்சாதியை நான் மச்சாள் என்றுதான் கூப்பிடுவேன். 1959 நத்தாருக்கு அவ தன் சிவப்புக் கண்ணாடிக் காப்பு ஒன்றைக் கழற்றி மரத்தில் கட்டினா.

"அச்சுவேலியிலை நீங்கள் மரத்திலை வெங்காயமெல்லோ கட்டுறனியள்?" என்றார் அண்ணை.

"வெங்காயத்தைக் கட்டினாலும் பரவாயில்லை. உங்கடை மரம் நண்டு மணக்குது."

"அம்மா, உன்ரை மருமேளுக்கு வாய் காணாது எண்டு சொன்னனி. பார் இப்ப."

அம்மா சிரித்தா. அந்த வீட்டில் மரத்தடியில் நாங்கள் நாலு பேரும் நின்றது அந்த ஒரு வருசம்தான்.

1960 கார்த்திகையில் நண்டு வலை பார்க்கத் தனியப் போன அண்ணை திரும்பி வரவில்லை. மூன்றாம் நாள் வள்ளம் ஊர்காவற்றுறைப் பக்கம் ஒதுங்கியது. உள்ளே தண்ணீர் இறைக்கும் பட்டை இருந்தது, அவர் இடுப்பில் கட்டும் சாரம் இருந்தது, அவர் இல்லை. உடம்பு எங்கேயும் கரை ஒதுங்கவில்லை.

அந்த மார்கழியிலும் அம்மா மரம் வைக்கச் சொன்னா. வைத்தேன். மூன்று பேரும் எங்கள் பொருளைக் கட்டினோம். சோகியை அம்மா மேசையில் வைத்தா. தை ஆறு வந்தபோது நான் தகரத்தைத் தூக்கப் போனேன்.

"வை அதை. கொண்ணை இன்னும் கட்டேல்லை."

"அம்மா…"

"கொப்பு வந்தவர்தானே பிந்தி?"

நான் தகரத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். எதிர்த்துக் கதைக்க எனக்கு எப்போதும் வராது.

மாசி முடிவதற்குள் சவுக்கு ஊசி எல்லாம் கொட்டிப் போயிற்று. மரம் வெறும் ஈர்க்குக் கட்டாய் நின்றது. கடதாசிச் சங்கிலி வெளிறி, பசையைக் கரப்பான் தின்றது. தகரத்து மண்ணுக்குள் பல்லி முட்டையிட்டது. கடல் பக்கத்தால் காற்று வரும்போது மச்சாளின் காப்பு என்னுடைய ஈய நட்சத்திரத்தில் தட்டும். மெல்லிய சத்தம். அம்மா என்ன வேலை செய்துகொண்டிருந்தாலும் தலையை நிமிர்த்திப் பின்கதவைப் பார்ப்பா. மச்சாள் அம்மாவைப் பார்ப்பா. நான் இரண்டு பேரையும் பாராமல் இருக்கப் பழகினேன். அடுத்த நத்தார் வந்தது. புது மரம் வைக்க அம்மா விடவில்லை. பழையது இன்னும் முடியவில்லை என்றா. அந்தக் காய்ந்த கிளைதான் இரண்டு வருசம் மூலையில் நின்றது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எங்கள் வீட்டுக்குள் வரப் பயந்தார்கள்.

1962 ஐப்பசியில் மச்சாளின் தமையன் அச்சுவேலியிலிருந்து சைக்கிளில் வந்தார். அங்கே ஒரு ஓடாவியார், மரவேலை செய்கிறவர், மனைவி செத்தவர், பிள்ளை குட்டி இல்லை, மச்சாளைக் கேட்கிறார் என்றார்.

"பிள்ளைக்கு இருபத்திரண்டு வயசு, மாமி. நாங்களும் இரண்டு வருசம் பொறுத்தம். கோயில் சுவாமியிட்டையும் கேட்டனான். உடம்பு எடுபடாட்டிலும் மேலை மேற்றிராணியாருக்கு எழுதி மறு கலியாணத்துக்கு அனுமதி எடுக்கலாமாம்."

அம்மா மரத்தைக் காட்டினா. "அது இறங்கட்டும். பிறகு கதைப்பம்."

தமையன் தங்கச்சியைப் பார்த்தார். மச்சாள் நிலத்தைப் பார்த்தபடி, "நத்தாருக்குப் பிறகு சொல்லுறன் அண்ணை" என்றா. ஓம் சொல்லத்தான் போகிறா என்று எனக்கு அந்தக் குரலிலேயே விளங்கியது. ஆனால் மரம் நிற்கும்வரை அம்மாவை விட்டுப் போகமாட்டா என்பதும் விளங்கியது.

இனி நான் செய்ததை எழுதுகிறேன்.

மார்கழி இருபத்துநாலு. பின்னேரம் அம்மாவும் மச்சாளும் பாவசங்கீர்த்தனத்துக்குக் கோயிலுக்குப் போய்விட்டார்கள். நான் பின்பக்கத்தில் வலை உதறிக்கொண்டிருந்தேன். நாலு மணி இருக்கும், நல்ல வெயில். தண்ணீர் குடிக்க உள்ளே போனேன். சோகி மேசையில் கிடந்தது. அதை எடுத்து மரத்தில் கட்டினேன். யோசித்துச் செய்தேனா என்று கேட்டால், யோசித்துத்தான் செய்தேன். சோகி ஏறினால் மரம் முடிந்துவிடும். மரம் முடிந்தால் இறங்கும். யார் கட்டினது என்று அம்மா கேட்டால் நான்தான் என்று சொல்வேன், ஏசுவா, அழுவா, பிறகு எல்லாம் ஒரு வழிக்கு வரும் என்று நினைத்தேன்.

அவர்கள் வந்தபோது நான் வலையடியில் இருந்தேன். உள்ளே சத்தமில்லை. நெடுநேரம் சத்தம் வராததால் எழும்பிப் போனேன். அம்மா மரத்துக்கு முன்னால் நின்று சோகியை ஒரு விரலால் தொட்டு, அந்த விரலை நாக்கில் வைத்தா.

"உப்புக் கரிக்குது" என்றா.

அது என் கை உப்பு. வலை உதறிய கை, கழுவாத கை. ஆனால் அம்மா மச்சாளைத் திரும்பிப் பார்த்து, "கடலாலை வந்திருக்கிறான் பிள்ளை. வந்து கட்டிப்போட்டுப் போயிருக்கிறான்" என்றா. பிறகு என்னைக் கேட்டா: "நீ பின்பக்கம்தானே நிண்டனி? ஆரையும் கண்டனியோ?"

மச்சாளும் என்னைப் பார்த்தா. கண் இரண்டும் பெரிதாகி, வாய் கொஞ்சம் திறந்து. இரண்டு வருசத்தில் அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் காணவில்லை.

"இல்லை. ஒருத்தரையும் காணேல்லை" என்றேன்.

அவ்வளவுதான் நான் சொன்னது.

தை ஆறாம் திகதி மரத்தை வெளியே போட்டேன். அம்மா தடுக்கவில்லை. மச்சாள் தமையனுக்குச் சொல்லி அனுப்பினா, தனக்குக் கலியாணம் வேண்டாம் என்று. அவர் தேடி வந்து கேட்டபோது, "அந்தாள் இஞ்சை வந்து போகுது அண்ணை. நான் எப்பிடிப் போறது?" என்று மச்சாள் சொன்னது குசினிச் சுவருக்கு அந்தப் பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது. அப்போதாவது போய்ச் சொல்லியிருக்கலாம். ஒரு சுவர்தான் நடுவில். தமையன் சைக்கிளை எடுத்து உருட்டிக்கொண்டு ஒழுங்கை முடியும்வரை நடந்தே போனார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த நத்தாருக்குப் புதுக் கிளை வைத்தோம். இருபத்துநாலாம் திகதி பின்னேரம் அம்மா சோகியை மேசையில் வைத்தா. பக்கத்தில் ஒரு தட்டில் சீனி அரியதரப் பலகாரம் இரண்டு. அண்ணைக்கு அது விருப்பம். பின்கதவைத் திறந்து விட்டா. "நாங்கள் நிண்டால் அவன் வரமாட்டான். நீயும் எங்கையாவது போ" என்று எனக்குச் சொல்லிவிட்டு மச்சாளைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனா. நான் கடற்கரையில் கொஞ்ச நேரம் இருந்தேன். கட்டாமல் விட்டால் என்ன நடக்கும் என்று யோசித்தேன். அம்மா வந்து வெறும் மரத்தைப் பார்ப்பா, மச்சாள் பார்ப்பா. என்னால் அதை நினைக்க முடியவில்லை. எழும்பிப் பின்கதவால் உள்ளே போனேன்.

அப்படியே வருசா வருசம். அம்மா அரியதரத்தை எண்ணிப் பார்ப்பா என்று தெரியும், அதனால் ஒன்றைச் சாப்பிடுவேன். அண்ணையின் பங்கை நின்றபடியே விழுங்குவேன், இனிப்புத் தெரியாது. கால் ஈரமாக இருந்தால் நல்லது என்று ஒரு வருசம் நினைத்துக் கடலில் காலை நனைத்துக்கொண்டு போனேன். அந்த ஈரத்தை அம்மா துடைக்கவில்லை. காயும்வரை சுற்றிப் போனா. சோகியில் நூலை முடியும்போது எனக்குப் பின்னால் யாரோ நிற்கிற மாதிரி இருக்கும். பகல் வெளிச்சம், ஒழுங்கையில் சனம் கதைத்துக்கொண்டு போகும் சத்தம் கேட்கும், இருந்தாலும் திரும்பிப் பார்க்கமாட்டேன். சுவாமியிடம் பாவசங்கீர்த்தனத்தில் பொய் சொன்னேன் என்று மட்டும் சொல்வேன். என்ன பொய் என்று அவரும் கேட்டதில்லை.

1970இல் நான் முல்லைத்தீவுப் பக்கம் கரையில் கொட்டில் கட்டி, வாடி போட்டுத் தொழில் செய்யப் போனேன். நத்தாருக்கு முதலே வந்துவிடலாம் என்று இருந்தவனை மழையும் வெள்ளமும் மறித்துவிட்டன. இருபத்தாறாம் திகதிதான் வீடு வந்தேன். லொறியில் வரும் வழியெல்லாம் சோகி மேசையில் கிடப்பதுதான் கண்ணுக்குள். அம்மாவுக்கு அறுபது கடந்துவிட்டது. இந்த ஏமாற்றத்தைத் தாங்குவாவா என்று பயந்துகொண்டு முன்கதவால் உள்ளே போனேன்.

சோகி மரத்தில் தொங்கியது. தட்டில் ஓர் அரியதரம்தான் இருந்தது.

"நீதான் பிந்தி. கொண்ணை நேரத்துக்கு வந்திட்டான்" என்றா அம்மா. நல்ல சந்தோசமாக இருந்தா. மச்சாள் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தா, திரும்பவில்லை.

எனக்குக் காய்ச்சல் வந்தது. மழையில் நனைந்தது என்று அம்மா மல்லி அவித்துத் தந்தா. அம்மா கட்டியிருக்க மாட்டா. அவ அந்தச் சோகியை மேசையில் வைப்பதைத் தவிர வேறொன்றும் செய்யமாட்டா, ஒருவருடைய பொருளை மற்றவர் கட்டுவது அவவுக்குப் பாவம். மச்சாளோ, அண்ணை வருகிறார் என்று நம்பியிருப்பவ. அப்படியென்றால் யார்? எட்டு வருசம் நான் அவருடைய வேலையைச் செய்தேன், நான் இல்லாத வருசம் அவரே வந்து செய்துவிட்டுப் போனார். எனக்கு வேறு விதமாக நினைக்கத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு பத்து வருசம் நான் சோகியைக் கட்டினேன், ஆனால் பயந்து கட்டினேன். என் சொந்த வீட்டுக்குள் பின்கதவால் போகுமுன் செருமுவேன். சில வருசம் கட்டி முடித்துக் கடற்கரைக்கு வந்த பிறகு, கட்டியது நானா, நான் போகும்போது ஏற்கனவே கட்டிக் கிடந்ததா என்று எனக்கே நிச்சயமில்லாமல் போகும். எனக்குக் கலியாணம் பேசி வந்தார்கள், இரண்டு தரம். அந்த வீட்டுக்கு இன்னொரு பெண்ணை எப்படிக் கூட்டி வருவது? வேண்டாம் என்றேன்.

போன ஐப்பசியில் அம்மா செத்தா. "மரம் வைக்க மறந்திடாதேயுங்கோ. அவன் வருவான்" என்று எங்கள் இரண்டு பேருக்கும் சொல்லிவிட்டுத்தான் செத்தா. நூற்கட்டையை மச்சாள் அம்மாவின் கையில் வைத்தா.

மார்கழியில் நான் கிளை கொண்டுவந்து வைத்தேன். இருபத்துநாலாம் திகதி நாலு மணி ஆயிற்று. மச்சாள் சோகியை மேசையில் வைத்தா. பிறகு கோயிலுக்குப் போகாமல் கதிரையில் இருந்தா. நானும் நின்றேன்.

"நீங்கள் கோயிலுக்குப் போகேல்லையோ மச்சாள்?"

"இல்லை."

"நான் கடற்கரைப் பக்கம் போட்டு வாறன்."

"ஏன்?"

நான் போகவில்லை. பத்தொன்பது வருசம் வராத சொல் அன்றைக்கு வந்தது. அம்மா இல்லாததால்தான் வந்தது என்று நினைக்கிறேன்.

"மச்சாள், அது நான்தான். அண்ணை இல்லை."

"தெரியும்" என்றா.

"எப்ப துவக்கம்?" என்றேன்.

"நீர் முல்லைத்தீவிலை நிண்ட வருசம் தெரியும். மாமி வாசல் முத்தத்திலை ஆரோடையோ கதைச்சுக்கொண்டு நிண்டா. நான் முதல் உள்ளை வந்தன். சோகி கிடந்த இடத்திலை கிடந்தது. நீர் இல்லை, சோகியும் ஏறேல்லை. அப்பதான் எனக்கு விளங்கினது. மாமி வாறதுக்கிடையிலை கட்டிப்போட்டு அரியதரத்தை வாய்க்குள்ளை அடைஞ்சன். என்னடி சப்புறாய் எண்டு மாமி கேட்டா. பல்லு நோகுது, கராம்பு வைச்சிருக்கிறன் எண்டு சொன்னன்."

அவ கொஞ்சம் சிரித்தா. எனக்குச் சிரிக்க வரவில்லை. பத்து வருசம் நான் பயந்தது இந்தக் கைக்கு.

"அப்பவே என்னட்டைக் கேட்டிருக்கலாமே."

"கேட்டு? அந்த ஓடாவியாருக்கு அப்ப மூண்டு பிள்ளையள்." அதை அவ கோபமாகச் சொல்லவில்லை. சந்தையில் மீன் விலை சொல்வது போலச் சொன்னா. "அதுக்கு முதல் எட்டு வருசமும் அவர்தான் வாறவர் எண்டு நம்பினனான். நீர் கட்டினது தெரிஞ்ச அண்டைக்குத்தான் எனக்கு அவர் செத்தவர்."

அவ மேசையில் கிடந்த சோகியைப் பார்த்தா.

"ஏன் கட்டினனீர்?"

"மரம் இறங்கட்டும் எண்டு. இறங்கினால் நீங்கள் போகலாம் எண்டு."

அவ என்னை நிமிர்ந்து பார்த்தா. அந்த வீட்டில் இருபத்திரண்டு வருசமாக அவவும் நானும் அவ்வளவு நேரம் முகத்துக்கு முகம் பார்த்ததில்லை.

"மாமி ஆரையும் கண்டனியோ எண்டு கேட்கேக்கை நீர் வாய் திறந்து சொல்லியிருந்தால் நான் போயிருப்பன். உமக்கு அது தெரியும். நான் போகோணும் எண்டு கட்டினனீரோ, நிக்கோணும் எண்டு பேசாமல் இருந்தனீரோ?"

அவ எழும்பித் தன் காப்பைக் கட்டினா. நான் நட்சத்திரத்தைக் கட்டினேன். சோகி மேசையிலேயே கிடந்தது. மூவிராசாக்கள் திருநாள் அன்று, "மரத்தைப் போடும்" என்றா. அண்ணை கட்டவில்லையே என்று பழக்க தோசத்தில் வாயெடுத்தேன். "செத்தவைக்கும் கட்டுறதோ?" என்றா.

அந்தக் கிழமையே சுவாமியிடம் போய் அண்ணைக்கு ஆத்துமப் பூசை எழுதிக் கொடுத்தா. இருபத்தொரு வருசத்துக்குப் பிறகு முதல் பூசை. செத்தவர்களின் பெயரோடு அண்ணையின் பெயரைச் சுவாமி வாசித்தபோது மச்சாள் முழங்காலில் நின்று அழுதா. வீட்டுக்கு வந்து தன் பெட்டியைக் கட்டினா. மாமிக்காகத்தான் இருந்தனான், இனி அச்சுவேலியிலை என்ரை தமையன் வீட்டிலை போய் இருக்கப் போறன் என்றா. சோகியை ஒரு லேஞ்சித் துணியில் முடிந்து பெட்டிக்குள் வைத்தா. அச்சுவேலி பஸ் நிற்கும் இடம்வரை பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். "உடம்பைப் பாரும்" என்றா. பஸ் வந்துவிட்டது.

வீட்டில் இப்போது ஒருவரும் இல்லை. பின்கதவைப் பூட்டித்தான் வைத்திருக்கிறேன். இருந்தாலும் நாலு மணி ஆனால் எனக்கு உள்ளே இருக்க முடிவதில்லை, எழும்பி வெளியே போய்விடுகிறேன். யாருக்கு இடம் விட்டுப் போகிறேன் என்று தெரியவில்லை. அங்கே கடற்கரையில் இருந்துகொண்டுதான் இந்தக் கொப்பியை எழுதுகிறேன். எழுதி முடித்ததும் இதை அச்சுவேலிக்குத் தபாலில் போடுவேன். அவ என்னைவிடப் படித்தவ, என் எழுத்தை வாசித்துக்கொள்ளுவா.

மச்சாள், நீங்கள் கேட்டதுக்கு அன்றைக்கு நான் மறுமொழி சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். கட்டும்போது நீங்கள் போகவேண்டும் என்றுதான் கட்டினேன். அது உண்மை. அம்மா கேட்டபோது உங்கள் முகத்தைப் பார்த்தேன். அதற்குப் பிறகு பேசாமல் இருந்தது, நீங்கள் நிற்கவேண்டும் என்றுதான்.

1982 தை 24.